கிரகணத்துக்கு ஒரு கட்டம்

நிலாவில் நின்று பார்த்தால், சூரியன் தன் அகலத்துக்கு நகர ஒரு மணி நேரம் ஆகும். இங்கே இரண்டு நிமிடம் போதும். திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், ஆறிப்போன டீயை முன்னால் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை மூன்று தடவை போட்டேன். தப்பே இல்லை. கடிகாரத்தின் சின்ன முள்ளைவிட அறுபது மடங்கு மெதுவாக ஒரு சூரியன்! அங்கே ஒரு பகல் என்பது நம் கணக்கில் பதினான்கு நாளுக்கும் மேல். காற்று இல்லாததால் வானம் நீலமாக இருக்காது. சூரியனுக்குப் பக்கத்திலேயே கன்னங்கரேலென்று இருட்டு. மேகம் வந்து மறைக்காது, மழை வந்து கெடுக்காது. பதினான்கு நாள் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்கு விஷயத்தைச் சொன்னேன். நிலவின் தரையில் இறங்கும் ஒரு கலத்தில் வைத்துச் சூரியனைப் பார்க்கச் சின்னச் சின்னக் கருவிகள் வேண்டுமாம். கல்லூரிகள் வடிவமைத்து அனுப்பலாமாம். நன்றாக இருந்தால் விண்வெளி ஆய்வு மையத்தில் எடுத்துக்கொள்வார்களாம். சுற்றறிக்கை வந்து ஒரு வாரமாக அறிவிப்புப் பலகையில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஒன்று செய்யப்போகிறேன் என்றேன்.

"கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். நம்ம லேப்ல ஃபேனே சுத்தல, மேடம்" என்றார் அவர்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும். "ஃபேனுக்கும் சேர்த்து நானே மோட்டார் செஞ்சுக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று.

ஆனால் எனக்கு ஒரு துளி தைரியம் இருந்தது. அது விழுப்புரம் ஜங்ஷனில் கிடைத்தது. அப்பா ரயில்வேயில் இருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து பிளாட்பாரம் கூப்பிடு தூரம். பள்ளியில் படிக்கும்போது ஒரு தீபாவளிக்கு மறுநாள் காலையில் சூரிய கிரகணம் வந்தது. தெருவே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம், எங்கள் வீட்டில் கிரகணத்துக்கென்று எதுவும் கிடையாது. அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு போனேன். பிளாட்பாரத்தில் ஆளே இல்லை. மேலே துருப்பிடித்த தகரக் கூரையில் பொத்தல்கள். ஒவ்வொரு பொத்தலும் தரையில் ஒரு வெளிச்சப் பொட்டு போடும், தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கு அத்தனை பொட்டும் பிறையாக இருந்தது. தரை முழுக்கப் பிறைகள், நூற்றுக்கணக்கில். சேசு மரியே சூசையே என்று சொல்லிக்கொண்டு தூக்கோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பொத்தல் இருந்தால் போதும், அது சூரியனை அப்படியே கீழே இறக்கிவிடும் என்பதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் நான் செய்ய நினைத்த கருவியும் ஒரு பொத்தல்தான். ஒரு முழ நீளக் குழாய். ஒரு முனையில் ஊசித் துளை, தூசு போகாமல் அதன்மேல் மெல்லிய படிகச் சன்னல். மறுமுனையில் வெளிச்சத்தை அளக்கும் சில்லு. துளை வழியாக உள்ளே விழும் சூரியன் அந்தச் சில்லின்மேல் ஒரு மிளகு அளவுக்கு இருக்கும். அந்த மிளகின் வெளிச்சம் நாளுக்கு நாள் கூடுகிறதா குறைகிறதா, அதில் கரும்புள்ளி வருகிறதா என்று பதினான்கு நாள் பார்க்கலாம். சிக்கல் ஒன்றே ஒன்று. சூரியன் நகர நகரக் குழாயும் அதே ஆமை வேகத்தில் திரும்ப வேண்டும்.

இங்கேதான் எங்கள் டெக்னீஷியன் வருகிறார். கல்லூரிப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், என் வயதுதான். கண்டாச்சிபுரம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற குடும்பம். விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். நான் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, மணி முள்ளு கூட இதுக்கு முன்னால ஓடுற மாதிரி இருக்குதே. இவ்ளோ ஸ்லோவா ஒரு சாமானம் சுத்துதுன்னு எப்டி தெரியும்? நின்னுப்போச்சுன்னு நெனச்சிக்கினு தூக்கிப் போட்ருவாங்க."

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க."

"இது நெஜமாலுமே மேல போவுமா?"

"நல்லா இருந்தா போகும்."

நான் வரைந்திருந்த குழாயின்மேல் அவர் விரலை ஓட்டினார். பிறகு, "என் கை பட்ட பொருள் ஒண்ணு அங்க போயி சூரியனப் பாத்துக்கினு நிக்கணும் மேடம். அது போதும் எனக்கு" என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

பழைய சுவர்க்கடிகாரங்களைப் பிரித்துப் பற்சக்கரங்களை அடுக்கினார். ஆய்வகத்தின் ஒரு மூலையில் குழாய். எதிரே தரையில் சாக்பீஸால் ஒரு வளைவுக் கோடு. கோட்டின்மேல் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் ஒரு பல்பு. அதுதான் எங்கள் சூரியன். மணிக்கு ஒரு தடவை மூன்று விரல் அகலம் நகர்த்துவோம், ராத்திரிக் கணக்கைக் காலையில் வந்து சேர்த்து நகர்த்துவோம். முதல் நாள் மத்தியானத்துக்குள் மிளகு சில்லை விட்டே ஓடிப்போய்விட்டது. காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம். சென்னை நெடுஞ்சாலை பக்கத்திலேயே, லாரி போகும்போதெல்லாம் கட்டடம் லேசாக அதிர்ந்து பல் நழுவியிருக்கிறது. அவர் ஊரிலிருந்து இரண்டு உமி மூட்டை கொண்டுவந்து ஸ்டாண்டுக்கு அடியில் போட்டார். ஆய்வகத்தில் உமி சிந்துகிறது என்று முதல்வரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதை மடித்து மூட்டைக்கு அடியிலேயே வைத்தேன்.

பிறகு மிளகு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். பல்பு அறையின் பாதியைக் கடந்துவிட்டது, மிளகு சில்லின் நடுவிலேயே இருந்தது. குழாய் திரும்புவதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆனால் காலையில் வந்து பார்த்தால் திரும்பியிருக்கும். எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். அவர் தினமும் வந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார், பிறகுதான் சட்டையை மாட்டும் ஆணியைத் தேடுவார்.

அந்த வருடம் மாட்டுப் பொங்கல் அன்று பட்டப்பகலில் சூரிய கிரகணம் வந்தது. சூரியனின் வெளிச்சம் குறைந்து கூடுவதை எங்கள் குழாய் சரியாக அளக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. நான் அவரைக் கல்லூரிக்கு வரச் சொன்னேன்.

"மாட்டுப் பொங்கல் மேடம். அதுவும் கிரகணம் வேற. எங்க வூட்ல யாரும் வெளிய வர மாட்டாங்க."

"இந்தக் காலத்துலயும் இதெல்லாமா அண்ணா?" என்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன். அப்படியானால் நானே வருகிறேன் என்று சொல்லி, குழாயை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி அவர் ஊருக்குப் போய்விட்டேன்.

மாடுகள் குளித்து, கொம்பில் சிவப்பும் பச்சையும் பூசிக்கொண்டு கொட்டகையில் நின்றன. பானையும் அரிசியும் தயாராக இருந்தன, ஆனால் அடுப்பு மூட்டவில்லை. கிரகணம் விட்டு, குளித்துவிட்டுத்தான் பொங்கல் வைப்பார்களாம். வீட்டார் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். நான் களத்தில் குழாயை நிறுத்தினேன். ஒரு ஆள் குழாயைப் பிடிக்க, இன்னொரு ஆள் சில்லோடு இணைத்த மீட்டரைப் படித்து எழுத வேண்டும். தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவர் வந்தார். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கொட்டகைக் கூரையின் ஓரத்துக்குக் கீழே உட்கார்ந்து, மீட்டரை மட்டும் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நா திரும்ப மாட்டேன். நம்பர மட்டும் படிக்கறேன், எழுதிக்கங்க."

நம்பர் இறங்கிக்கொண்டே வந்தது. வெயிலின் நிறமே மாறிவிட்டது. சூடு இல்லாத, மெலிந்த ஒரு வெளிச்சம் களத்தில் விழுந்தது. ஒரு மாடு கத்தியது. காக்கைகள் பேசாமல் மரத்தில் உட்கார்ந்தன. நான் வாயைத் திறந்தபடி நின்றேன், எழுத வேண்டும் என்பதே மறந்துபோய்விட்டது.

"மேடம்" என்றார் அவர், முதுகைத் திருப்பாமலேயே. "இங்க சூரியன மறைக்கறது நெலா. செரி. நெலாவுல நம்ம பொட்டி நின்னுக்கினு இருக்கும்போது, அங்க எது மறைக்கும்?"

"அங்கே எதுவும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். மாதாவே! "பூமி" என்றேன்.

"பூமி பெருசாச்சே. ரொம்ப நேரம் புடிக்குமே."

"மணிக்கணக்கில பிடிக்கும்."

"அப்ப அங்க நாமதான் பாம்பா?" என்றார் அவர்.

எங்கள் பக்கம் கிரகணம் என்றால் சூரியனைப் பாம்பு பிடிக்கிறது என்பார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு வருடமாக நான் வெயிலை மட்டுமே யோசித்திருந்தேன். பதினான்கு நாள் கண் சிமிட்டாத சூரியன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், அந்தச் சூரியனை நாமே போய் மறைப்போம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. நமக்குச் சந்திர கிரகணம் என்றால் அங்கே இருப்பவனுக்கு அது சூரிய கிரகணம். புத்தகத்தில் படித்ததுதான், மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியதுதான். எங்கள் வீட்டில் கிரகணம் என்ற ஒன்றே கிடையாதே, எப்படி ஞாபகம் வரும்? அதற்குப் பயந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குத்தான் அது ஞாபகம் வந்தது.

இது விளையாட்டு விஷயம் இல்லை. நீண்ட ராத்திரிகளில் கருவிகளை மூடிச் சூடு கொடுத்துக் காப்பதைக் கலமே பார்த்துக்கொள்ளும் என்று சுற்றறிக்கையில் இருந்தது, பட்டப்பகலில் வரும் கிரகணத்துக்கு அந்த ஏற்பாடு கிடையாது. கிரகணம் பிடித்தால் சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் வராது. கொதிக்கிற தரை சில மணி நேரத்தில் பனிக்கட்டியையும் மிஞ்சிக் குளிர்ந்துவிடும். படிகச் சன்னல் விரிசல் விடும். அதனால் ஒரு சின்ன பாட்டரியும் சூடேற்றும் கம்பியும் சேர்த்தோம். எங்கள் அறிக்கையின் அட்டவணையில் வெப்பம், தூசு, அதிர்வு என்ற கட்டங்களோடு கிரகணத்துக்கும் ஒரு கட்டம் போடச் சொன்னது அவர்தான். போட்டேன்.

பாட்டரி சேர்த்ததும் எடை கூடிப்போனது. சுற்றறிக்கையில் சொன்ன வரம்புக்கு மேல் கொஞ்சம்தான், ஆனால் வரம்பு வரம்புதான். எங்கெங்கோ சுரண்டிப் பார்த்தோம், போதவில்லை. அறிக்கை அனுப்ப வேண்டிய கடைசி நாளும் வந்தது. அந்தக் காலத்து மின்வெட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் போனால் எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. இன்டர்நெட் இல்லை, கம்ப்யூட்டரின் பாட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. கருவி வேலை செய்யப்போகிற வருடத்தில் கிரகணமே இல்லை என்றால் பாட்டரியே வேண்டாமே! அவர் அன்று லீவு. போன் போட்டு, அவர் வீட்டில் இருந்த பத்து வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

"ரெண்டு சந்திர கிரகணம் போட்டுக்குது மேடம். ரெண்டுமே இந்தியாவுல தெரியாதாம். நமக்கு அனுஷ்டானம் இல்லன்னு போட்டுக்குது."

"தெரியாதா? நல்லதாப் போச்சு" என்று கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். "அண்ணா, நாளைக்கு வந்து பாட்டரியை எடுத்துடுங்க."

"எடுத்துடலாமா மேடம்? நல்லா யோசிச்சிக்கினீங்களா?"

"எடுங்க அண்ணா, ஜல்தி!"

அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை போகாது என்பார்கள். எனக்கு அன்று அண்டாவே கண்ணில் படவில்லை. கரண்ட் வந்ததும் அறிக்கை போனது, மறுநாள் பாட்டரி வெளியே வந்தது, எடை வரம்புக்குள் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கான தேர்வு விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தேர்வுக் குழுவில் மூன்று பேர். நடுவில் ஒரு பெண் விஞ்ஞானி, பருத்திச் சேலை, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். நான் மேடையில் நின்று பேசினேன். மெதுவான சூரியனைப் பற்றிச் சொன்னேன், உமி மூட்டையைச் சொன்னேன், மண்டபம் ரசித்தது. எங்கள் டெக்னீஷியன் பின்வரிசையில் புதுச் சட்டையோடு, குழாயை வைத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு முடிந்ததும் இது தேறிவிடும் என்றே எனக்குத் தோன்றியது.

அந்த அம்மா அட்டவணையில் விரலை வைத்தார். "கிரகணம்னு ஒரு கட்டம் போட்டு, அதுல பூஜ்யம் போட்டிருக்கீங்க. இந்தப் பூஜ்யம் எப்படி வந்தது?"

"அந்த வருஷம் வர்ற ரெண்டு சந்திர கிரகணமும் இந்தியாவுல தெரியாதுங்க மேடம்."

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "சரி. சந்திரன் இந்தியாவுலயா இருக்கு?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. பூமியில் எந்த ஊரில் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன? பெட்டி நிற்கப்போவது நிலாவில். ஒரு பள்ளிப் பிள்ளை கூடச் செய்யாத தப்பு அது. அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"லிஸ்ட் எங்க டெக்னீஷியன் குடுத்ததுங்க. அவர் சொன்னதைத்தான் எழுதினேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "ஆமாங்க. நாந்தாங்க பாத்து சொன்னது. தப்பு என்னுதுதாங்க" என்றார்.

அவர் சொன்னது சரியான தகவல். இரண்டு கிரகணம் என்றுதான் சொன்னார். அதைப் பூஜ்யமாக்கியது நான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்றைக்கு இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அந்த அம்மா முன்னால் இருந்த மற்ற கல்லூரிகளின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு சொன்னார்: "சிரிச்சவங்க எல்லாரும் கேளுங்க. காலையிலேர்ந்து பார்க்கறேன், உங்க யார் தாள்லயும் கிரகணம்ங்கற வார்த்தையே இல்ல. உங்க எல்லார் பெட்டியும் முதல் கிரகணத்துலயே செத்துப்போகும். இந்த ஒரு தாள்லதான் அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு. தப்பா நிரப்பியிருந்தாலும், கட்டம் இருக்கு. இதை யோசிச்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து குரல் வந்தது.

"மேடம்தாங்க."

பழியையும் வாங்கிக்கொண்டு, பெருமையையும் எனக்கே கொடுத்துவிட்டு, அவர் உட்காரப் போனார். அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

"இல்லைங்க" என்றேன். குரல் கிறீச்சிட்டது. "அவர் பொய் சொல்றார். நானும் பொய் சொன்னேன். கட்டம் அவரோடது, பூஜ்யம் என்னோடது. ரெண்டு கிரகணம்னு அவர் சரியாத்தான் சொன்னாரு, நான்தான் இல்லைன்னு எழுதினேன்."

யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா அவரை முன்னால் வரச் சொன்னார். எப்படித் தோன்றியது என்று கேட்டார். அவர் கூச்சத்தோடு, மாட்டுப் பொங்கலையும் தான் முதுகைத் திருப்பிக்கொண்டு நம்பர் படித்ததையும் சொன்னார். "அப்ப அங்க நாமதான் பாம்பான்னு கேட்டேங்க" என்றபோது அந்த அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தார்.

"ஆமாங்க, நாமதான்" என்றார். "ஆனா அந்தப் பாம்பு எப்படி இருக்கும் தெரியுமா? அங்கேருந்து பாத்தா பூமி, சூரியனைப் போல நாலு பங்கு அகலம். கறுப்பா வந்து சூரியனை முழுசா மூடிடும். ஆனா அந்தக் கறுப்பைச் சுத்தி ஒரு செவப்பு வளையம் எரியும். அந்த நேரத்துல பூமியில எங்கெல்லாம் பொழுது விடியுதோ, எங்கெல்லாம் பொழுது சாயுதோ, அத்தனை வெளிச்சமும் சேர்ந்து ஒரே வளையமாத் தெரியும். கிரகணத்தப்ப நிலா செவப்பாத் தெரியுதே, அந்தச் செவப்பு அதுதான். நம்ம காத்து வழியாப் போயி அங்க விழற வெளிச்சம்."

எங்கள் டெக்னீஷியன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஊரு சாயங்காலமும் அதுல இருக்குங்களா?"

"அந்த நேரத்துல உங்க ஊர்ல சூரியன் விழுந்துக்கிட்டிருந்தா, கட்டாயம் இருக்கும்."

எத்தனையோ வருடம் ஒளியைப் பாடம் நடத்தியவள் நான். என் உடம்பு முழுக்கப் புல்லரித்தது. உலகத்தின் எல்லா விடியலும் எல்லா அந்தியும் ஒரே வட்டத்தில். கண்டாச்சிபுரத்து மல்லாட்டைக் கொல்லை மேல் விழுகிற மஞ்சள் வெயிலும், திண்டிவனத்துப் பஸ் ஸ்டாண்டின் புழுதிக்குள் விழுகிற வெயிலும் அதற்குள். அவர் தலையைக் குனிந்து புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் துடைக்க வேண்டியிருந்தது.

எங்கள் பெட்டி தேறவில்லை. பாட்டரி இல்லாத கருவியை அனுப்ப முடியாது, சேர்த்தால் எடை மீறுகிறது, தப்புத் தகவலோடு வந்த அறிக்கையை விதிப்படி ஏற்க முடியாது என்று அந்த அம்மா நேரடியாகச் சொல்லிவிட்டார். அந்தக் கட்டத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்ளலாமா என்று எங்கள் டெக்னீஷியனிடம் கேட்டார். எடுத்துக்கங்க என்றார் அவர்.

திரும்பும்போது அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் அதை வைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்று என்னோடு திண்டிவனம் பஸ் ஏறியிருந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவில் பஸ் நின்றபோது, "அண்ணா, என்னை மன்னிச்சுடுங்க" என்றேன்.

"பரவால்ல மேடம்" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. கேட்ட சாமானைச் செய்து கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், போய்விடுவார். முன்பு போல ஆய்வகத்தை எட்டிப் பார்ப்பதும் நின்றுவிட்டது. எனக்கு அது தேவைதான். தன் கை பட்ட பொருள் ஒன்று அங்கே போய் நிற்க வேண்டும் என்ற ஒரே ஆசையை நான் ஒரு பூஜ்யத்தால் அழித்தேன், அதோடு நில்லாமல் அதை அவர் தலையிலேயே போட்டேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

அடுத்த வருடம் அதே இடத்திலிருந்து மறுபடியும் சுற்றறிக்கை வந்தது. இந்தத் தடவை அச்சடித்த படிவமாகவே அனுப்பியிருந்தார்கள். எல்லாக் கல்லூரிகளும் அதில்தான் நிரப்பி அனுப்ப வேண்டும். நான் புரட்டிக்கொண்டே வந்தேன். வெப்பம், தூசு, அதிர்வு. அதற்குக் கீழே: "கருவி இயங்கும் காலத்தில் நிலவிலிருந்து காணக்கூடிய கிரகணங்களின் எண்ணிக்கை." பக்கத்தில் ஒரு கட்டம்.

படிவத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். அவர் லேத்தை நிறுத்தினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எண்ணெய் படாமல் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது எல்லா காலேஜுக்கும் போயிருக்குமா மேடம்?"

"எல்லாருக்கும். இனிமே நிலாவுக்குப் போற பெட்டி எதுவா இருந்தாலும், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுத்தான் போகணும்."

அவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய மேசையில் படிவத்தை விரித்து, பேனாவைத் திறந்து, முதல் கட்டத்திலிருந்து நிரப்ப ஆரம்பித்தேன். அந்த வரிக்கு வந்தபோது அவர் கை குறுக்கே வந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டது.

"இந்தக் கட்டத்துல மட்டும் நீங்க கைய வெக்காதீங்க மேடம்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் பல்லைப் பார்த்தேன். "உங்க ராசி தெரியாதா எனக்கு? நா எழுதறேன்."

இந்தியாவில் தெரியாதது இரண்டு, பூமியின் ஓர நிழல் மட்டும் படுவதால் பஞ்சாங்கக்காரர்கள் கணக்கிலேயே சேர்க்காத புறநிழல் கிரகணம் ஒன்று. விரல் விட்டு எண்ணி, என்னிடம் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, குனிந்து மூன்று என்று எழுதினார்.